நின்ற வண்டியில் இல்லாத கோளாறு

ஆக்ஸிலேட்டர் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருந்த ‘ர’வை யாரோ எப்போதோ வழியில் தொலைத்துவிட்டார்கள். பட்டறைக்காரர், டிரைவர், வண்டிக்குச் சொந்தக்காரர் யாருக்கும் அதனால் அசௌகரியம் இல்லை. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். “ஆக்ஸிலேட்டர் பிடிச்சிக்கிது தம்பி.” 2005ஆம் ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்தபோது முதல் தடவை சொன்னார். அடுத்த ஆறு மாதத்தில் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் கேட்டோம். கேட்டோம் என்று இப்போது எழுதும்போது அந்தச் சொல் சரிதானா என்று சந்தேகம் வருகிறது.

வண்டி 1984ஆம் ஆண்டின் அம்பாசடர். மார்க் 4, பெட்ரோல். அப்பா அதை 1996இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அவருக்கு முந்திரிக்கொட்டை வியாபாரம். வரதராஜன்பேட்டையைச் சுற்றிச் செம்மண்ணும் முந்திரிக்காடும்தான். பங்குனி, சித்திரையில் கொட்டை இறங்கும். அந்த இரண்டு மூன்று மாதம் அவர் வீட்டில் தங்கமாட்டார். டிக்கியில் இரண்டு மூட்டை, பின் சீட்டில் இரண்டு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் விருத்தாசலத்துக்கும் போய்வருவார். பருப்பு எடுத்தபின் மிஞ்சும் ஓடுகளையும் அவர் விடுவதில்லை. எண்ணெய் எடுப்பவர்களுக்கு விற்றுவிடுவார். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்குகிற அந்த எண்ணெய், பெயிண்டுக்குப் போகிறது. கெட்டியாக்கிப் பொடித்தால் மோட்டார் வண்டிகளின் பிரேக் லைனிங்கில் சேர்க்கும் சரக்காகிறது. “நம்மூரு கொட்டைதான் ஊர் உலகத்து வண்டியெல்லாம் நிறுத்துது” என்பது அப்பாவின் பழைய வேடிக்கை.

அம்பாசடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்து, உருவத்தில் பெரிய மாற்றம் இல்லாமல் 2014 வரை செய்துகொண்டிருந்தார்கள். பானெட்டைத் தூக்கினால் 1489 சி.சி. என்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் ஓர் ஆள் கையை விட்டு வேலை செய்ய இடம் இருக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அம்பாசடரில் கண்டுபிடிக்க முடியாத கோளாறு கிடையாது என்பது எங்கள் நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் இருந்த ஆபத்து பிறகுதான் புலப்பட்டது. தேடியது கிடைக்காதபோது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

ஆக்ஸிலேட்டரின் ஏற்பாடு எளிமையானது. காலுக்கு அடியில் ஒரு பெடல். அதிலிருந்து என்ஜின் பக்கம் போகும் ஒரு கேபிள். வெளியே உறை, உள்ளே முறுக்குக் கம்பி. மறுமுனை கார்பரேட்டரின் சின்ன லீவரில் மாட்டியிருக்கும். லீவர் திரும்பினால், உள்ளே காற்றுப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும் வட்டத் தகடு திரும்பும். காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போகும். கால் செய்வது திறக்கும் வேலை மட்டும்தான். மூடும் வேலை லீவரில் கோத்த ஒரு ஸ்பிரிங்குடையது. வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள்கூட இதை நினைப்பதில்லை. காலை எடுத்தேன், வேகம் குறைந்தது என்று ஒரே காரியமாகச் சொல்கிறோம். இடையில் ஒருவன் வேலை செய்கிறான் என்பது அவன் வேலை செய்யாத அன்றைக்குத்தான் தெரியும்.

முதலில் பார்த்தவர் உள்ளூர்க்காரர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்து, காலடியில் கிடந்த ரப்பர் மேட்டை உருவி வெளியே போட்டார். அது சுருண்டு பெடலின்மேல் ஏறியிருந்தது. “இதுதாங்கய்யா” என்றார். காசு வாங்கவில்லை. நியாயமான காரணம்தான். பெடல் பிடிக்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது மேட்டைத்தான் என்று இன்றும் சொல்வேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா மறுபடி சொன்னார். ஆண்டிமடத்தில் இரண்டாமவர் கேபிளைக் கழற்றி எங்கள் முன்னால் இழுத்துக் காட்டினார். உறைக்குள் கம்பியின் இரண்டு இழை அறுந்து முள்ளாக நின்றது. பழைய கிரீசும் செம்மண் புழுதியும் சேர்ந்து களியாகியிருந்தது. கம்பி உள்ளே போனால் திரும்பி வர யோசித்தது. அவர் புதுக் கேபிள் போட்டார். பழையதில் தொய்வு அதிகம் என்று சொல்லி, புதியதைச் சற்று இழுத்துக் கட்டினார். தகடு திரும்பும் தண்டைப் பெட்ரோலில் கழுவினார். பழைய கேபிளை அப்பா கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தான் சொன்னதற்கு ஒரு ரசீது கிடைத்ததுபோல இருந்தது அவர் முகம்.

ஒரு மாதத்துக்குள் மறுபடி. மூன்றாமவர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்து மாட்டினார். பெடல் கனமாகிவிட்டது. விருத்தாசலம் போய்வந்த நாட்களில் அப்பா ராத்திரி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் பிடிப்பது நிற்கவில்லை. முன்னைவிட அடிக்கடி வருவதாகச் சொன்னார்.

மூன்று பேருமே ஒரே முறையில்தான் சோதித்துப் பார்த்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிழலில் நிறுத்துவது, ஸ்டார்ட் செய்வது, ஒருவர் பெடலை மிதித்து மிதித்து விடுவது, இன்னொருவர் குனிந்து கார்பரேட்டரைப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் லீவர் டக்கென்று திரும்பி வந்து உட்கார்ந்தது. நானே பத்துத் தடவை மிதித்துப் பார்த்தேன். நிற்கும் வண்டியில் ஒரு குற்றமும் இல்லை.

அப்பா இரண்டு விஷயத்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். “பாரத்தோட மேட்டுல ஏறும்போதுதான் பிடிக்கிது.” “கிளட்சை மிதிச்சா விட்டுடுது.” இரண்டாவதைக் கேட்டதும் மூன்றாம் பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். கிளட்சு இடது கால், ஆக்ஸிலேட்டர் வலது கால். இரண்டுக்கும் நடுவில் கம்பியோ ராடோ ஒன்றும் கிடையாது. ஒன்றை மிதித்தால் மற்றது எப்படி விடும்? என்னைத் தனியாக அழைத்து, “ஐயாவுக்கு என்ன வயசு ஆவுது?” என்று கேட்டார். 68 என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கேபிள் புதிது, ஸ்பிரிங் புதிது, மேட்டை எடுத்தாயிற்று. பழையதாக மிச்சமிருந்தது ஓட்டுகிறவர்தான்.

அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. விருத்தாசலத்தில் டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே ஒரு நைலான் இழையை வைத்து, அது வளையும்வரை அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை. படும்போது சொல்லுங்கள் என்றார். இடது பாதத்தில் அப்பா பெரும்பாலும் சொல்லிவிட்டார். வலது பாதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இழை பட்டு வளைந்து விலகிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி மரியாதையாகக் காத்திருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போது எனக்கு ஏற்பட்டதை வருத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு நிம்மதியும் கலந்திருந்தது. விடை கிடைத்துவிட்ட நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவே சாவியை எடுத்து அலமாரியில் வைத்தார். “காலுதான் போலிருக்கு” என்றார். ஆறு மாதமாகத் தான் கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், நாங்கள் கண்டதைத் தன் வாயால் சொன்னார். விஷயம் அத்துடன் முடிந்தது என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த வருஷம், 2006இல், கொட்டை எடுக்க நான்தான் போனேன். மே மாதம் ஒரு சாயங்காலம் ஆண்டிமடத்திலிருந்து ஊர் திரும்புகிறேன். வண்டியில் நாலு மூட்டை. முன்னால் விறகு ஏற்றிய டிராக்டர். ஒரு சிறு பாலத்தின் ஏற்றத்தில் அதைத் தாண்டுவதற்காக மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தேன். தாண்டினேன். காலை எடுத்தேன். வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போயிற்று.

காலை நிஜமாகவே எடுத்தேனா என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. பார்த்தேன். கால் அந்தரத்தில் இருந்தது. அதற்குக் கீழே, பெடலும் மேலே வந்து தன் இடத்தில் நின்றிருந்தது. மேட் இல்லை, பெடல் சிக்கவில்லை, கால் அதன்மேல் இல்லை. ஆனாலும் யாரோ மிதிக்கிறார்கள்.

பிரேக்கை மிதித்தேன். எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், சர்வோ கிடையாது, உடம்பு பலம் முழுவதையும் கொடுக்க வேண்டும். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. என்ஜின் முன்னால் தள்ள, பிரேக் பின்னால் பிடிக்க, லைனிங் தீயும் வாசனை வந்தது. எதிரில் சாலையின் பாதியை அடைத்து முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தது. ஒரு பாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் துழாவிக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தேனா என்று நினைவில்லை. சாவியைத் திருப்பலாம் என்பது தோன்றவே இல்லை. தோன்றியது ஒன்றுதான்: கிளட்சை மிதிச்சா விட்டுடுது.

மிதித்தேன். என்ஜின் ஒரு கணம் அலறியது. பிறகு முன்பக்கத்தில் ஏதோ கனமான சாமான் இடத்தில் உட்கார்ந்த சத்தம், அடங்கிவிட்டது. வண்டி கொட்டையின்மேல் ஏறி நின்றது. பாட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கயிற்றுக்கட்டில் நீளம் இருக்கும்.

“ஏம்ப்பா, கண்ணு தெரியலையா? நாலு நாளு காஞ்ச கொட்டை. மேல ஏத்திட்டியே” என்றாள். வேறு எதுவும் நடக்கவிருந்ததாக அவளுக்குத் தெரியாது. தெரிவிக்க எனக்குத் தைரியமில்லை. நசுங்கியதற்குக் காசு கொடுத்தேன். அவள் எண்ணி வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது கியரில் ஊர்ந்து வீடு வந்தேன். மறுநாள் அதே மாதிரி ஊர்ந்து ஜெயங்கொண்டத்தில் வயதான ஒரு பட்டறைக்காரரிடம் போனேன். அவர் வண்டியைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். எந்த கியர்? மேடா, பள்ளமா? எவ்வளவு பாரம்? பிடித்தபோது பெடல் மேலே இருந்ததா, கீழே இருந்ததா? என்ன செய்தபோது விட்டது? கிளட்சை மிதித்தபோது என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப, இழுப்பு நின்னதும் விடுது” என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பிறகு சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பானெட்டைத் திறந்தார். பட்டறைப் பையனை உள்ளே உட்காரச் சொன்னார். என்னை முன்னால் நிற்க விடாமல் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினார். “முதல் கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் குடுத்து, கிளட்சைப் பாதி விடு.” பையன் விட்டான். வண்டி நகரவில்லை. என்ஜினின் இடது பக்கம் மட்டும் மூன்று விரற்கடை துள்ளி மேலெழுந்தது. கிளட்சை மிதித்ததும் பொத்தென்று உட்கார்ந்தது. நேற்று கேட்ட அதே சத்தம்.

என்ஜினைச் சட்டத்தின்மேல் தாங்குவது இரண்டு பக்கமும் மவுண்டிங்குகள். இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஒட்டிய ரப்பர்க் கட்டை, அவ்வளவுதான். இடது மவுண்டிங்கில் ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்துபோயிருந்தது. வண்டி நிற்கும்போது என்ஜின் தன் கனத்தினாலேயே அதன்மேல் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சக்கரத்தைச் சுழற்ற என்ஜின் பலத்தைச் செலுத்தும்போது அந்தப் பலத்தின் எதிர்விளைவு என்ஜினையே மறுபக்கமாகப் புரட்டப் பார்க்கும். நல்ல மவுண்டிங் அதைப் பிடித்துக்கொள்ளும். எங்களுடையது பிடிக்கவில்லை, இடது பக்கம் தூக்கிக்கொண்டது. கார்பரேட்டர் இருப்பதும் அந்த இடது பக்கம்தான். என்ஜின் எழும்ப, வலது பக்கத்துப் பெடலிலிருந்து வரும் கேபிள் விறைத்து, லீவரை இழுத்தது. லீவர் இழுபட்டதும் என்ஜினுக்கு இன்னும் பலம். பலம் கூடியதும் இன்னும் தூக்கியது. வண்டி தன்னைத் தானே மிதித்துக்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் இழுப்பு அறுந்துவிடும், என்ஜின் கீழே உட்காரும், லீவர் திரும்பிவிடும்.

ஆகவே அப்பா சொன்ன இரண்டு வாக்கியமும் அட்சரம் பிசகாமல் சரி. பாரம், மேடு. கிளட்சு. கோளாறின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் சொல்லியிருந்தார்.

கேபிளை இழுத்துக் கட்டியதால்தான் அது அடிக்கடி வந்தது என்றார் ஜெயங்கொண்டத்துக்காரர். பழைய கேபிளில் இருந்த தொய்வு என்ஜின் எழும்புவதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொய்வை எடுத்தவர் வேலை தெரியாதவர் அல்ல. அறுந்த இழையை அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு வண்டியில் ஒரே சமயத்தில் மூன்று நிஜமான கோளாறுகள் இருக்கலாம் என்பதையும், ஒன்றைச் சரிசெய்வது இன்னொன்றைத் தீட்டிவிடலாம் என்பதையும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இவர் இரண்டு மவுண்டிங்கையும் மாற்றினார். கேபிளுக்கு அதன் தொய்வைத் திருப்பிக் கொடுத்தார். உபரி ஸ்பிரிங்கைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன்பிறகு அந்த வண்டியில் அது வரவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். மன்னிப்பு மாதிரி எதுவும் வரவில்லை; எங்கள் வீட்டில் அதற்கு வழக்கமில்லை. மவுண்டிங், கேபிள், லீவர் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பெடல் எங்க இருந்திச்சு?” என்றார். “மேலேயே இருந்திச்சுப்பா.” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது எனக்குத் தெரியல. மேலயா கீழயான்னு கால் சொல்லல” என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெடல் மேலே இருக்கிறது என்ற ஒரு தகவல் முதலிலேயே கிடைத்திருந்தால், மேட்டையும் கேபிளையும் ஸ்பிரிங்கையும் காலையும் விட்டுவிட்டு யாராவது என்ஜினைப் பார்த்திருப்பார்கள். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவருடைய வலது பாதம். அது மரத்துப்போயிருந்தது. ஆக, கால் குற்றவாளியும் அல்ல, முற்றிலும் சம்பந்தம் இல்லாததும் அல்ல. சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. “நீயே வெச்சிக்க. வண்டியில கோளாறு இருந்திச்சு, சரி. காலும் மரத்துத்தானே கெடக்கு?” அதன்பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை.

2010இன் ஆரம்பத்தில் டொயோட்டா செய்தி தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அப்பா விடாமல் படித்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவில் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் வேகம் அடங்காமல் ஓடி, அதிலிருந்த நாலு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி. ஓட்டத் தெரியாதவர் என்று சொல்ல வழியில்லை. அது அவர் வண்டி சர்வீஸுக்குப் போனபோது தற்காலிகமாகக் கிடைத்த வண்டி. வேறொரு மாடலுக்குரிய கனத்த ரப்பர் மேட் அதன் பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்ஜினை நிறுத்தச் சாவி கிடையாது, பொத்தான். ஓடும்போது அதை 3 வினாடி விடாமல் அழுத்தினால்தான் நிற்கும். இது போதாது என்று சர்வோவின் சங்கதி. சர்வோ பிரேக்குக்கு உதவி என்ஜின் உறிஞ்சும் காற்றிலிருந்து வருகிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்துகிடக்கும்போது அந்த உறிஞ்சல் குறைந்துவிடும். இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்து விட்டால் சேமிப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். விடாமல் ஒரே மிதியாக மிதிக்க வேண்டும், கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். கியரிலிருந்து விலக்குவதுதான் முதல் காரியம் என்பது அப்பாவின் கிளட்சு சொன்ன பாடமே. வண்டிக்குள்ளிருந்து ஒருவர் அவசர உதவிக்குப் போன் செய்து ஆக்ஸிலேட்டர் சிக்கிவிட்டது என்று சொன்ன குரல் பதிவாகியிருந்தது. பேப்பரை மடித்துவைத்துவிட்டு அப்பா கேட்டார்: “செத்ததுக்கு அப்புறந்தான் நம்புனாங்களா?”

அவர் 2011இல் காலமானார். அதன்பிறகு இந்த விஷயத்தை நான் அங்கங்கே தேடிப் படித்தேன். எங்கள் இடது மவுண்டிங் ஒன்றும் அபூர்வமல்ல. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான்: மவுண்டிங் பிரிந்து, என்ஜின் எழும்பி, ஆக்ஸிலேட்டரை இழுப்பது. அவர்கள் மவுண்டிங்கை மாற்றவில்லை. என்ஜின் அளவுக்கு மேல் எழும்பாதபடி ஓர் எஃகுக் கயிற்றைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். உலகத்தின் ஒரு மூலையில் லட்சக்கணக்கில் நிரூபணமாகி முடிந்த விஷயம், 35 வருஷம் கழித்து எங்கள் ஊரில் ஒரு கிழவரின் பிரமையாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, புகார் சொல்பவர் சொல்வது எப்போதும் உண்மை என்று முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. அதற்கும் இடமில்லை. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆடி 5000 என்ற கார் தானாகவே பாய்கிறது என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. பிரேக்கைத்தான் மிதித்தோம் என்று ஓட்டியவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் அமெரிக்க விற்பனை 1985இல் சுமார் 74,000 ஆக இருந்தது 1991இல் 12,000 அளவுக்கு விழுந்தது. நடுவில் 1989இல் அரசின் ஆய்வு முடிவு வந்தது: பெரும்பாலும் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் கால் சொன்னதைச் சொன்னார்கள். டொயோட்டா விஷயத்திலும், மேட்டும் திரும்பத் தாமதிக்கும் பெடலும் நிரூபணமான பிறகு, எலெக்ட்ரானிக் கோளாறு என்ற சந்தேகத்தை நாஸா பொறியாளர்கள் ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் அகப்படவில்லை என்று 2011இல் சொன்னார்கள். அதே கம்பெனி, பெடல், மேட் பற்றித் தெரிந்ததை மக்களிடம் மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்டியது. ஆக, வண்டியை நம்பு, மனிதனை நம்பு என்று ஒரு பொதுவிதி இங்கே கிடைக்காது. வயதானவர் என்பதால் காலும், பழையது என்பதால் வண்டியும் குற்றவாளியாகிவிடுவதில்லை.

இந்த மாதிரிப் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இங்கே வேறொரு நினைவு வராமல் இருக்காது. ஒரு கவிதையை எடுத்து மேஜைமேல் வைத்து, வரி வரியாக மிதித்துப் பார்த்து, எல்லாம் டக்கென்று திரும்பி வந்து உட்காருகிறது, குற்றமில்லை என்று நானும் எழுதியிருக்கிறேன். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது என்ன ஆகிறது என்று பார்த்ததில்லை. பாரம் ஏற்றுவது வாசகனின் வாழ்க்கை; அது மேஜையில் கிடைப்பதில்லை. ‘எனக்கு இந்த இடத்தில் ஏதோ பிடிக்கிறது’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பயிற்சி போதாது என்று நினைத்ததும் உண்டு. உவமையை இதற்கு மேல் இழுத்துக் கட்டினால் அதுவும் தொந்தரவு செய்யும். விட்டுவிடுகிறேன்.

எனக்கு இன்றும் உறுத்துவது அப்பாவை நம்பாதது அல்ல. மரத்த பாதத்தை நான் கண்ணால் பார்த்தேன்; நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இருந்தது. உறுத்துவது வேறு. எந்த கியர், மேடா பள்ளமா, எவ்வளவு பாரம், பெடல் மேலேயா கீழேயா, என்ன செய்தபோது விட்டது. ஜெயங்கொண்டத்துக்காரர் இந்த ஐந்தையும் கேட்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அப்பா எங்களோடு ஆறு மாதம் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பதில்களைக் கேட்காமலே சொல்லியும் இருந்தார். இந்த ஐந்தில் ஒன்றையும் நான் அவரிடம் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவை வண்டி பட்டறையிலிருந்து வந்தபோதும், “இப்ப எப்படிப்பா இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விடுவேன்.